காலையில் ‘டிக் டிக்’, மத்தியானம் சத்தமே இல்லை: பழைய காடியின் எக்ஸோஸ்

சுங்கை சிப்புட்டில் இன்னும் பழைய காடிகள் நிறைய ஓடுகின்றன. 1985-இல் வந்த சாகா, 1993-இல் வந்த வீரா, 1994-இல் வந்த காஞ்சில், எல்லாமே பட்டறைக்கு வரும். “எக்ஸோஸ் சத்தம் போடுது ஃபோர்மேன், பின்னாடி சைலன்சரை மாத்திடுங்க” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். சத்தம் பின்பக்கம் கேட்பதால் கோளாறும் அங்கேதான் என்று ஒரு நினைப்பு. புது சைலன்சர் போட்டும் சத்தம் போகாமல் வந்தவர்கள் பலர். எக்ஸோஸ் என்கிற புகைக்குழாய் எஞ்சினில்தான் தொடங்குகிறது, அதனால் நான் எஞ்சினிலிருந்துதான் தேட ஆரம்பிப்பேன்.

எஞ்சின் ஹெட்டும், அதிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸோஸ் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில், புகை கசியாமல் அடைக்க ஒரு கேஸ்கெட் உண்டு. அது கருகினாலோ மேனிஃபோல்டில் கீறல் விழுந்தாலோ, காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று கேட்கும். எண்ணெயை (ஆக்ஸிலரேட்டரை) மிதித்தால் வேகமாக அடிக்கும். சூடேறியதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். பாசார் போய், தே குடித்து, பத்து மணிக்குப் பட்டறைக்கு வந்து சேரும்போது காடி சாதுவாக நிற்கும். நான் எதைக் கேட்டுக் கண்டுபிடிக்க?

வால்வு சத்தமும் இப்படித்தான் இருக்கும், குழம்பத்தான் செய்யும். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்த கோடு தெரிந்தால் அங்கே புகை கசிகிறது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் செய்த உடனே பார்த்தால் குமிழி வரும். வால் குழாயைத் தடித்த துணியால் சில விநாடி அடைத்துப் பார்ப்பதும் உண்டு: அழுத்தம் கையைத் தள்ளினால் நல்லது, வேறெங்கோ ‘உஸ்’ என்றால் ஓட்டை அங்கே. கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

அடியில் ‘கலகல’ என்று ஆடும் சத்தத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வெப்பம் தடுக்கும் தகடு கழன்றிருக்கும், அல்லது குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கும். ரப்பர் சுத்தியலால் தட்டும்போது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் கல் உருள்வதுபோல் கேட்டால் மட்டும் செலவு அதிகம்.

எஸ்டேட் காடிகளுக்கு எக்ஸோஸ் சீக்கிரம் போவதற்குக் காரணம் உண்டு. லயத்திலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை என்று குறுகிய ஓட்டம். குழாய் முழுதாகச் சூடேறாததால் உள்ளே சேரும் தண்ணீர் ஆவியாகாமல் தங்கி, உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் பொடியும். செம்பனை லோரி போட்ட பள்ளத்தில் அடி தட்டுவது தனி. பின் போனட்டில் உர மூட்டை ஏற்றுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சிந்தும் உப்பு காடியின் தரைத் தகட்டையும் அரிக்கும்.

அந்தத் தரைத் தகடுதான் எனக்குக் கவலை, அதில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே வரும். ஒரு முறை தோட்டத்தில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வீரா கொண்டுவந்தார். “ஈப்போ போய் வந்தா அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். பிரஷர்னு நினைச்சோம்” என்றார். அம்மா உட்காருவது பின்சீட்டில். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் ரப்பர் மூடி இல்லாத துளை, அதன் ஓரமெல்லாம் கரி. நேர் கீழே குழாயின் மூட்டு பிளந்திருந்தது. மூட்டை மாற்றி, துளையை அடைத்த பிறகு அம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை என்றார்.

எக்ஸோஸ் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காடியில் ஏறினால் தலைவலி, இறங்கிக் காற்று பட்டதும் சரியாகிறது என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். பின் போனட்டைத் திறந்து வைத்து ஓட்டினால் புகை உள்ளேதான் இழுக்கப்படும். எக்ஸோஸ் ஓட்டை என்று தெரிந்தும் ஏர்கோன் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காடிக்குள் தூங்குவது உயிரோடு விளையாடுவது. இப்படி இறந்தவர்களின் செய்தி நம் நாட்டுப் பேப்பரில் வந்திருக்கிறது.

பால் டின்னைச் சுற்றிக் கம்பி கட்டி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பட்டறை வரைக்கும் வர அது போதும், அதற்கு மேல் வேண்டாம். கேஸ்கெட் விலை குறைவுதான். துருப்பிடித்த போல்ட் முறியாமல் கழற்றுவதில்தான் கூலி. கம்ப்யூட்டர் வைத்த காடியாக இருந்தால், முன்பக்க ஓட்டையால் புகையில் ஆக்சிஜனை அளக்கும் சென்சர் ஏமாந்து, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அப்புறம், நீங்களே அடியில் புகுந்து பார்க்கப் போகிறீர்களா? ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், செங்கல்லையும் அடுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் வேண்டும்.

சத்தம் காலையில் மட்டும் வருகிறது என்றால், முதல் நாள் சாயங்காலமே காடியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போங்கள். மறுநாள் ஆறிய எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து கேட்டுக்கொள்கிறேன்.