நிறுத்தி வெச்ச கேரவன்ல பேட்டரிய யாரு குடிக்கிறா?

தண்டையார்பேட்டைல ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பாக்கறேன். ஓடற வண்டியவிட நிக்கற வண்டிதான் எனக்கு அதிகமா சோறு போடுது, அதுலயும் கேரவன். ஷூட்டிங் இருக்கற வரைக்கும் ஓடும், இல்லன்னா மாசக்கணக்குல ஷெட்டுல தூங்கும், திடீர்னு ஒருநாள் சாவி போட்டா டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

கொஞ்ச நாள் முன்னாடி திருவொற்றியூர்ல ஒரு ஓனர் கூப்ட்டாரு. "அண்ணே, ஒரே வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன், ரெண்டு வாரம் நிறுத்துனா செத்துடுது, கடைக்காரன் டுபாக்கூர் மால் குடுத்துட்டான்"ன்னாரு. போய் பாத்தா டெர்மினல்ல பச்சையா பூத்திருந்துச்சு, கடல் காத்து, நம்ம ஏரியால சகஜம். வெந்நீர் ஊத்தி கழுவி, சார்ஜ் போட்டு குடுத்துட்டு வந்துட்டேன். பத்தே நாள்ல மறுபடியும் போன். என் தப்புதான். பூத்திருந்தா காண்டாக்ட் கெடும், அதுக்காக பேட்டரி காலியாகாது. கரன்ட் எவ்ளோ லீக் ஆகுதுன்னு நான் அளக்கவே இல்ல.

ரெண்டாவது தடவை இன்ஜின் பேட்டரி மைனஸ் ஒயர கழட்டி, நடுவுல மல்டிமீட்டர 10 ஆம்ப்ஸ்ல வெச்சு, கதவெல்லாம் சாத்திட்டு அரை மணி நேரம் சும்மா உக்காந்தேன், ஏன்னா இப்போ வர்ற வண்டில ஈசிஎம் (இன்ஜின கண்ட்ரோல் பண்ற குட்டி கம்ப்யூட்டர்) தூங்கறதுக்கு அவ்ளோ நேரம் ஆகும், அவசரப்பட்டா கணக்கு தப்பும். (மீட்டர் நடுவுல இருக்கறப்ப செல்ஃப் மட்டும் அடிச்சுடாதீங்க, மீட்டர் காலி.) 50 மில்லி ஆம்ப்ஸ் வரைக்கும் பரவால்ல, கடிகாரமும் ஸ்டீரியோ மெமரியும் குடிக்கற பங்கு. இங்க 400 காட்டுச்சு. ஃபியூஸ ஒண்ணொண்ணா புடுங்குனேன், எல்லாத்தையும் புடுங்கியும் 370லயே நிக்குது. மண்டை காஞ்சு போச்சு.

கேரவன்ல இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, உள்ள லைட்டு, ஃபேன், இன்வெர்ட்டருக்கு தனியா ஒண்ணு இருக்கும்ல, அப்புறம்தான் அதையும் வோல்ட் பாத்தேன். ரெண்டுலயும் 11.9. ஒண்ணு புதுசு, இன்னொண்ணு மூணு வருஷம் பழசு, சைஸும் வேற, ரெண்டும் எப்படிங்க புள்ளி மாறாம ஒரே வோல்ட்ல நிக்கும்? ஒட்டிக்கிட்டு கெடக்கு. நடுவுல ஒரு ரிலே இருக்கு, இன்ஜின் ஓடறப்ப ரெண்டையும் சேக்கணும், நின்னா பிரிக்கணும். அதுலேர்ந்து தடி ஒயர கழட்டுனதும் மீட்டர் பூஜ்ஜியம். ரிலேய பிரிச்சா உள்ள பாயின்ட் ரெண்டும் உருகி, வெல்டு வெச்ச மாதிரி இருக்கு.

குடிச்சது இன்வெர்ட்டர். ஒரு பல்பு கூட எரியல, ஆனா ஆன்ல இருந்தா சும்மாவே குடிக்கும், இது 0.9 ஆம்ப்ஸ், ரெண்டு பேட்டரியும் பங்கு போட்டு குடுத்துச்சு, இன்ஜின் பேட்டரியோட பங்குதான் மீட்டர்ல பாத்த அந்த 370. ஒரு நாளைக்கு 21 ஏஎச்சுக்கு (ஆம்பியர் அவர், ஆம்ப்ஸ மணி நேரத்தால பெருக்குனா வர்ற கணக்கு) மேல, ரெண்டு பேட்டரியும் சேத்தே 250 தான், பதினோரு பன்னெண்டு நாள்ல சுத்தமா காலி. "கட் ஆஃப் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுதாண்ணே போவேன்"னு ஓனர் சத்தியம் பண்றாரு, உள்ள பேட்டரிய மொத்தமா துண்டிக்கற ஸ்விட்ச் அது. பொய் இல்ல, இன்வெர்ட்டர் மாட்டுனவன் ஸ்விட்சுக்கு முன்னாடியே நேரா பேட்டரில ஒயர சொருகிட்டான்.

அதனால நிறுத்தறதுக்கு முன்னாடி இன்வெர்ட்டர் ஸ்விட்ச கையால ஆஃப் பண்ணுங்க, ரெண்டு பேட்டரியிலயும் மைனஸ கழட்டுங்க, மாசம் ஒருக்கா மீட்டர் வெச்சு பாருங்க, 12.6 இருந்தா ஃபுல், 12.4க்கு கீழ போனா சார்ஜ் போடுங்க, 12க்கு கீழ நாள்கணக்குல போட்டு வெச்சா தகடு சல்ஃபேட் புடிச்சு நெஜமாவே செத்துடும்.

ரிலேய மாத்தி, இன்வெர்ட்டர் ஒயர ஸ்விட்சுக்கு பின்னாடி கொண்டாந்துட்டேன். கழட்டுன அந்த ரெண்டு பேட்டரி எங்கன்னு கேட்டேன், சார்ஜ் ஏத்தி பாக்கலாமேன்னு. எடைக்கு போட்டுட்டாராம்.