மின்சார சக்கர நாற்காலியின் வேகத்தை எது தீர்மானிக்கிறது?

மின்சார சக்கர நாற்காலியைத் தேர்ந்தெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதே. கேள்வி நியாயமானதுதான். ஆனால் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை மட்டும் பார்த்து நாற்காலியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே மறுவாழ்வுச் சிகிச்சையாளராக நான் சொல்லும் முதல் ஆலோசனை.

பெரும்பாலான நாற்காலிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு, மோட்டார்களுக்கு 24 வோல்ட் மின்னழுத்தம் தருகின்றன. மோட்டாரின் சுழற்சியைக் கியர் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. விட்டம் 35 சென்டிமீட்டர் உள்ள சக்கரம் நிமிடத்துக்கு 90 முறை சுழன்றால், நாற்காலி மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இது விரைந்து நடப்பவரின் வேகம். ஏற்றமும், அமர்பவரின் எடையும், காற்றுக் குறைந்த டயரும், சார்ஜ் இறங்கிய பேட்டரியும் அந்த வேகத்தைக் குறைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட அன்றாட ஓட்டத்தில் முக்கியமானது, ஜாய்ஸ்டிக்கின் அசைவுக்கேற்ப மோட்டார்களுக்கு மின்சாரத்தை அளந்து தரும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரில் பதிந்துள்ள அமைப்பு. முன்னோக்கிச் செல்லும் வேகம், பின்னோக்கிச் செல்லும் வேகம், திரும்பும் வேகம், வேகமெடுக்கும் விதம், நிற்கும் விதம் ஆகிய ஒவ்வொன்றையும் அதில் தனித்தனியே மாற்றலாம். கை நடுக்கம் உள்ள ஒருவர் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டதும் நாற்காலி இடமும் வலமும் வெட்டி இழுத்தது; வண்டியே சரியில்லை என்று குடும்பத்தினர் முடிவுகட்டியிருந்தனர். முன்னோக்கிய வேகத்தைத் தொடாமல், திரும்பும் வேகத்தையும் வேகமெடுக்கும் வீதத்தையும் மட்டும் குறைத்ததும், அதே நாற்காலியை அவர் கதவு நிலையில் இடிக்காமல் ஓட்டினார். இருக்கையை உயர்த்தினாலோ அதிகம் சாய்த்தாலோ சில நாற்காலிகள் தாமாகவே மெதுவாகின்றன. கவிழாமல் இருப்பதற்கான அந்த ஏற்பாட்டைப் பழுதென்று எண்ணிவிட வேண்டாம்.

வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்; நிற்பதற்கான தூரமும் அதற்கேற்ப நீளும். உடலை நிமிர்த்திப் பிடிக்கும் வலு குறைந்தவரோ, திடீரென நாற்காலி நிற்கும்போது முன்னோக்கிச் சரியக்கூடும். ஆகவே வேகத்தை மாற்றும்போது, ஓட்டுபவரைத் தமது வழக்கமான இருக்கை மெத்தையில் அமரவைத்து, சமதளத்திலும் சரிவிலும் ஓட்டச் செய்து பார்த்த பிறகே அமைப்பை உறுதிசெய்ய வேண்டும். கூடுதல் பேட்டரியை இணைத்து மின்னழுத்தத்தை உயர்த்தித் தருவதாக யாரேனும் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். கன்ட்ரோலர் எரிந்துபோகலாம், அந்த வேகத்தைத் தாங்கும்படி பிரேக்கும் சட்டமும் வடிவமைக்கப்படவில்லை.