நீர் கட்டாத வயலில் நெல் எப்படி விளைகிறது?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்த வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியில் பாதி ஐயம், பாதி கேலி. சிறுபோகத்தில் வயலை இடையிடையே காயவிட்டாலும் விளைச்சல் குறையாது என்று விவசாயப் போதனாசிரியர் ஒருவர் கூட்டத்தில் சொன்னாராம். ஓட்டை போட்ட எஸ்லோன் குழாய்த் துண்டு ஒன்றையும் தூக்கிக் காட்டினாராம். “நீர் நிற்காத வயலில் நெல் எப்படி விளையும்? பல நாடுகள் சேர்ந்து கோடி கோடியாகக் கொட்டிக் கண்டுபிடித்தது இந்த ஓட்டைக் குழாயைத்தானா?” என்று கேட்கிறார். இரண்டும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளே. இரண்டாவதற்கான விடை முதலாவதற்குள்ளேயே கிடப்பதால், வயலிலிருந்தே தொடங்குகிறேன்.

மட்டக்களப்பும் அம்பாறையும் உலர் வலயத்தில் இருந்தாலும் மழை குறைந்த மாவட்டங்கள் அல்ல. ஆண்டு மழைவீழ்ச்சி 1,500 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு கச்சான் காற்று வீசும் மாதங்களில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், சேனாநாயக்க சமுத்திரம் போன்ற குளங்களில் எஞ்சியிருப்பதை வைத்தே சிறுபோகம் செய்ய வேண்டும். குளம் நிறையாத ஆண்டுகளில் ஆரம்பக் கூட்டத்தில் ஏக்கரைக் குறைப்பார்கள். யாருடைய கண்டம் (வயல் துண்டு) வெளியே போகிறது என்பதில் சச்சரவு வரும். இவை இங்குள்ளவர்கள் அறிந்தவை.

ஒரு கிலோ நெல் விளைவிக்க, மழையும் பாசனமுமாகச் சராசரியாக 2,500 லீற்றர் நீர் வயலுக்குள் வர வேண்டியிருக்கிறது. அதில் ஏறத்தாழ 1,400 லீற்றர்தான் பயிரின் வழியாகவும் வயலின் மேற்பரப்பிலிருந்தும் ஆவியாகிறது. மீதி கீழே ஊறி இறங்குகிறது, அல்லது வரம்பின் வழியாகக் கசிந்து போகிறது. உழுது சேறாக்கும்போது அடியில் இறுகும் மண் படை இந்த இறக்கத்தைத் தடுக்கிறது என்றாலும் முற்றாக நிறுத்துவதில்லை. வயலில் நிற்கும் நீரின் உயரம் கூடக் கூட, அது அந்த இறுகிய படையின் மீது செலுத்தும் அமுக்கமும் கூடுகிறது. அமுக்கம் கூடினால் கசிவும் கூடும். வரம்பு முட்ட நீர் கட்டுபவர் தன் பயிருக்குக் கொடுப்பதோடு நிலத்தடிக்கும் நிறையக் கொடுக்கிறார். நெல் நீர்த்தாவரமன்று, நீரைத் தாங்கிக்கொள்ளும் புல் இனம். வயலில் நீரை நிறுத்துவதன் முதற் பயன், அதே அளவுக்கு நீரைத் தாங்க முடியாத களைகளை அடக்குவதுதான்.

‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ எனப்படும் முறையின் கருவிதான் அந்தக் குழாய். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளம். கீழ்ப்பாதி முழுவதும் துளைகள். அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணைக் கையால் தோண்டி எடுத்துவிட வேண்டும். வயலின் மேற்பரப்பு வற்றிய பிறகும் குழாய்க்குள் நீர் தெரியும். அது மேற்பரப்பிலிருந்து 15 சென்ரிமீற்றர் கீழே போகும் வரை காத்திருந்து, பிறகு 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பாய்ச்சலாம். பூக்கும் காலத்தில், முன்னும் பின்னும் ஒவ்வொரு வாரம், இந்தச் சோதனை வேண்டாம். அப்போது நீர் நிற்கத்தான் வேண்டும். இம்முறையில் பாசன நீரில் பொதுவாக 15 முதல் 30 வீதம் வரை மிஞ்சுகிறது.

ஏன் 15 சென்ரிமீற்றர்? குழாய்க்குள் தெரியும் மட்டம், மண்ணிலுள்ள நீரின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்துக்குச் சமமாக இருக்கும் இடம். அதற்கு மேலே நீர் இல்லை என்று பொருளல்ல. களிமண் துணிக்கைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளில் மயிர்த்துளை எழுகையால் நீர் மேலேறிப் பிடித்து நிற்கிறது. ஆனால் அது துளை வழியாகக் குழாய்க்குள் வடிந்து வராது. மண்ணே அதை இழுத்து வைத்திருக்கிறது. அந்த இழுவையை வேர் வெல்ல முடிகிற வரை பயிருக்குத் தாகம் இல்லை. மட்டம் 15 சென்ரிமீற்றர் வரை இறங்கும்போது, வேர்கள் அடர்ந்திருக்கும் படையில் அந்த இழுவை இன்னும் சிறிதாகவே இருக்கிறது. அதற்கும் கீழே விட்டால் களிமண் வெடிக்கத் தொடங்கும். வெடிப்பு அடியிலுள்ள இறுகிய படையையும் துளைத்துவிட்டால், அடுத்த முறை பாய்ச்சும் நீர் அந்த வழியே ஓடி, மிச்சப்படுத்தியதெல்லாம் வீணாகும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது. நீர் நிற்கும்போது வயலுக்குள் ஒட்சிசன் எப்படிப் போகும்? நீரினூடாக ஒட்சிசன் பரவும் வேகம் காற்றினூடாகப் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெள்ளம் கட்டிய ஓரிரு நாட்களில் மண்ணில் இருந்த ஒட்சிசனை நுண்ணங்கிகள் தீர்த்துவிடுகின்றன. ஆனால் அவை சாவதில்லை. வைக்கோலையும் பழைய வேர்களையும் உண்ணும்போது வெளிவரும் இலத்திரன்களை வாங்கிக்கொள்ள ஒட்சிசன் இல்லாவிட்டால் வேறொன்று வேண்டும்; அதற்கு மண்ணில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நைத்திரேற்று, பிறகு மங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேற்று. எல்லாம் தீர்ந்த பிறகே, புவியைச் சூடாக்கும் வெப்பவாயுவான மெதேனை உண்டாக்கும் நுண்ணங்கிகள் தலைதூக்குகின்றன. கையில் காசு தீர்ந்த குடும்பம் நகையை அடகு வைத்து, நகையும் தீர்ந்த பிறகு வட்டிக்காரரிடம் போவதைப் போன்றது இது. அந்த நகை இரும்பு. நமது வயல்மண்ணில் இவ்வரிசையின் மிகப் பெரிய கையிருப்பும் பெரும்பாலும் அதுவே. வயலைச் சில நாள் காயவிட்டால் காற்று உள்ளே வந்து இரும்பை மீண்டும் ஒட்சியேற்றுகிறது, அடகு மீண்டுவிடுகிறது. அடுத்த பாய்ச்சலின் பிறகு நுண்ணங்கிகள் அந்த இரும்பை மறுபடி செலவழித்து முடிக்கும் வரை மெதேன் உற்பத்தி பின்தள்ளப்படுகிறது. ஒரு போகத்தில் பல முறை காயவிட்டால் மெதேன் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைவது இதனால்தான்.

இந்த வேதியியலைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. வடிகால் வாய்க்காலின் ஓரத்தில், எண்ணெய் சிந்தியது போல வானவில் நிறத்தில் ஒரு படலம் மிதப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். உழவு இயந்திரத்தின் டீசல் என்று திட்டுபவர்களும் உண்டு. குச்சியால் அதைக் கீறிப் பாருங்கள். எண்ணெய் என்றால் மறுபடி ஒன்றுகூடும். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால், அது மண்ணுக்குள் கரைந்திருந்த இரும்பு மேலே வந்து காற்றைக் கண்டு பற்றீரியாக்களின் உதவியோடு ஒட்சியேறிய படலம். அதே வயலில் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். நலமான வேரின் மேல் செம்பழுப்பாகத் துருப் பூச்சு இருக்கும். நெல், தன் தண்டிலுள்ள காற்றுக் குழல்களின் வழியாக ஒட்சிசனைக் கீழே இறக்குகிறது. வேரிலிருந்து கசியும் அந்த ஒட்சிசன் பட்டு இரும்பு அங்கேயே துருவாகப் படிகிறது. வேர் கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தால் வரிசை சல்பேற்று வரை போய்விட்டது என்று கொள்ளலாம். வயல் காய வேண்டிய நேரம் கடந்துவிட்டது. ஒட்சிசன் இறங்கும் அதே குழல்களின் வழியாகத்தான் மெதேன் மேலேறி வெளியே வருகிறது. வயலிலிருந்து வெளியேறும் மெதேனில் 90 வீதம் வரை பயிருக்குள்ளாகவே போகிறது.

இப்போது கோடிகளின் கணக்குக்கு வருவோம். குழாய்க்குச் செலவு இல்லை. அந்த 15 என்ற எண்ணுக்குத்தான் செலவு. மெதேனை அளக்க, நிற்கும் பயிரின் மேல் ஒளி ஊடுருவும் பெட்டியைக் கவிழ்த்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஊசிக்குழாயால் உள்ளிருக்கும் வாயுவை இழுத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்பிப் பிரித்தறிய வேண்டும். இதை வாரந்தோறும், போகம் முழுவதும், பல வயல் துண்டுகளில், வேறு வேறு மண்களில், பல ஆண்டுகள் செய்ய வேண்டும். காயவிடும்போது நைதரசு ஒட்சைட்டு என்ற இன்னொரு வெப்பவாயு கூடுவதால் அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். ஜப்பானிலும் சீனாவிலும் நடுப்பருவத்தில் வயலை வடியவிடும் வழக்கம் முன்பே இருந்தது. எவ்வளவு காயவிட்டால் பயிருக்குப் பாதகமில்லை என்பதை விவசாயிகளின் வயல்களில் சோதித்து எளிய குழாய்க்குள் அடக்கிய வேலையில் பெரும்பங்கு, 1960இல் பிலிப்பைன்ஸில் தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகத்தினுடையது. உரம் விற்பவருக்கோ களைநாசினி விற்பவருக்கோ இதில் ஆதாயம் ஏதும் இல்லை. வாங்குவதற்குப் பொருளே இல்லாத ஆராய்ச்சிக்குப் பொதுப்பணத்தைத் தவிர வேறு பணம் வராது என்பது என் கருத்து.

அம்பாறையே இதற்குச் சாட்சி. கல்லோயாத் திட்டத்தின் குளமான சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரைப் பாசனப் பகுதியில் 1980களின் தொடக்கத்தில், அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட்டின் பணத்தில், கொழும்பிலிருந்த கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு சோதனை நடத்தின. கோர்னெல் தரப்பில் நோர்மன் அப்ஹொஃப் வழிநடத்தினார். இளம் பட்டதாரிகள் விவசாயிகளிடையே தங்கி, வாய்க்கால் வாரியாகச் சிறு குழுக்களை அமைக்க உதவினார்கள். 1981இல் குளத்தில் கொள்ளளவின் கால்வாசி நீரே இருந்தது. ஆயினும் சில வாரங்களுக்குள் விவசாயிகள் வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறை வைத்துப் பாய்ச்சி, மிஞ்சியதை வாய்க்காலின் கடைப்பகுதிக்கு விட்டார்கள். தலைப்பகுதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள், கடைப்பகுதியில் தமிழ் பேசுபவர்கள் இருந்தார்கள் என்பதையும் அந்த ஆண்டுகளின் அரசியலையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் எடை தெரியும். திட்டம் முடிந்து பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகு, 1997 சிறுபோகத்தில், இடதுகரையின் சிறு பகுதிக்கே நீர் காணும் என்று கணிக்கப்பட்டபோது, விவசாயிகள் 65,000 ஏக்கரிலும் செய்கை பண்ணி நல்ல விளைச்சலும் எடுத்தார்கள்.

குழாயின் பயன் இத்தகைய கூட்டு ஒழுங்கில்தான் தங்கியிருக்கிறது. அடுத்த முறை தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்ற நம்பிக்கை இல்லாதவர், குழாய் என்ன காட்டினாலும் வக்கடையை (வரம்பிலுள்ள நீர்வாயை) அடைத்து வரம்பு முட்ட நிறைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேலும், நம் நாட்டில் குளத்து நீருக்கு அளந்து கட்டணம் வாங்குவதில்லை என்பதால், மிச்சப்படுத்துபவரின் பைக்கு ஒன்றும் வராது. இறைப்பு இயந்திரம் வைத்திருப்பவருக்கு மட்டுமே எண்ணெய்ச் செலவு குறைகிறது. நன்மை வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, முழுவதுமாக வருகிறது, ஆகவே முடிவும் வட்டையாக எடுக்கப்பட வேண்டியது. நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டை விதானையும் விவசாய அமைப்பும் இல்லாமல் இது நடக்காது.

கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேட்டு வயலில் கசிந்த நீர் பெரும்பாலும் கீழ் வயலுக்கோ கீழ்க் குளத்துக்கோ போய்ச் சேர்கிறது. அங்கே கசிவைக் குறைத்தால் கீழே இருப்பவரின் பங்கையே எடுக்கிறோம். இலங்கையில் தலைமையகம் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் 1990களில் இதை அழுத்தமாகச் சொன்னது. ஆனால் வாவிக்கும் கடலுக்கும் அருகிலுள்ள நம் எழுவான்கரை, படுவான்கரை வயல்களிலிருந்து கசிவதைப் பிடிக்க அதற்குக் கீழே வயல் இல்லை. உவர்நீரோடு கலக்கும் முன் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு லீற்றரும் உண்மையான மிச்சம். கல்லோயாவின் மேற்பகுதியில் சொல்ல முடியாத இதை மட்டக்களப்பின் கடைவயல்களில் துணிந்து சொல்லலாம்.

கல்லோயாவுக்குப் பணம் தந்த யுஎஸ்எய்ட் 2025 யூலை முதலாம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது; அதன் பணத்தில் பல நாடுகளில் நடந்த விவசாய ஆய்வுகள் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே நடுவழியில் நின்றன. இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 வீதத்தை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. வெளிநாட்டுப் பணம் வந்தால் சந்தேகம், நின்றால் புலம்பல் என்று இருக்கும் நாம் இந்த 0.1ஐப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெளிப்பணம் வரும்போதும் மூன்று ஆண்டுத் திட்டமாக வருகிறது. அதில் முதலாண்டு ஆள் சேர்ப்பதிலும் கடைசியாண்டு அறிக்கை எழுதுவதிலும் போனால் அளப்பதற்கு மிஞ்சுவது ஒரு சிறுபோகம்தான். அந்த ஆண்டு மழை பிழைத்தால் அதுவும் இல்லை.

இங்கே அளக்கப்பட வேண்டியது நிறையவே இருக்கிறது. குழாய் முறையின் விதிகள் பெரும்பாலும் நாற்று நட்ட வயல்களில் உருவானவை. நம் பகுதியில் விதைப்புத்தான் வழக்கம். விதைத்த வயலில் பயிரும் புல்லும் ஒன்றாகவே முளைப்பதால், காயவிடத் தொடங்கும் நாளை எவ்வளவு தள்ளிப்போட வேண்டும் என்பது களையைப் பொறுத்தது. கரையோர மணல் கலந்த நிலங்களில் குழாய் ஓரிரு நாளிலேயே வற்றிவிடும் என்பதால், அங்கே இந்த முறையால் பாய்ச்சும் தடவைகள் கூடிவிடக்கூடும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. சுற்றிலும் களிமண், வண்டல், மணல் எல்லாவற்றிலும் வயல் இருக்கிறது. தொடர்ந்து பத்துச் சிறுபோகங்களுக்கு வாயுப் பெட்டியும் குழாயும் கையுமாக வயலில் நிற்கும் ஆட்களுக்கான சம்பளம்தான் இங்கே முதலில் ஒதுக்கப்பட வேண்டிய பணம்.