புக்க பாக்காமயே வாசிக்கிற புள்ளைங்க

கோத்தகிரி பக்கம் ஸ்பெஷல் எஜுகேட்டரா இருக்கேன். ஒரு எஸ்டேட் லைன்ல இருந்து ஒரு அம்மா நாலாவது படிக்கிற பையன கூட்டிட்டு வந்தாங்க, "நல்லா பேசுவான் டீச்சர், படிப்புதான் ஏறல, சரியான சோம்பேறி"ன்னாங்க. தமிழ் புக்க குடுத்தேன், கடகடன்னு ஒரு பக்கம் வாசிச்சுட்டான். அதே பக்கத்துல நடுவுல ஒரு வார்த்தைய தொட்டு இது என்னப்பான்னு கேட்டா முழிக்கிறான்! மத்த புள்ளைங்க வாசிக்கிறத காதால கேட்டே மொத்த பாடத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கான், மூணு வருஷமா யாருக்கும் தெரியல. இவ்ளோ பாடுபடுற புள்ளையவா சோம்பேறின்னு சொல்றது?

இதுதான் டிஸ்லெக்சியா. மூளை எழுத்தையும் சத்தத்தையும் கோர்க்கிற விதத்துல இருக்குற சிக்கல், அறிவு கம்மின்னு அர்த்தம் இல்ல. ன-ண, ல-ள-ழ குழப்பத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அது பெரியவங்களுக்கே வரும். கொம்பு, துணைக்கால் போடுற எடத்த பாருங்க. "கொ"ல கொம்பு முன்னாடி நிக்குது, கால் பின்னாடி நிக்குது, சத்தம் ஒண்ணுதான், இதுல இந்த புள்ளைங்க ரொம்ப தடுமாறும். முதல் எழுத்த மட்டும் பாத்துட்டு பட்டத்த பழம்னு ஊகிக்கும், வரி தாவும், தமிழ் பீரியட் வந்தா வயிறு வலிக்கும்.

நம்ம மலைல இன்னொரு விஷயமும் இருக்கு. ஹட்டில (படுகர் ஊர்ல) இருந்து வர்ற புள்ளைக்கு வீட்ல படுகு பாஷை, ஸ்கூல்லதான் தமிழ், அதனால வர்ற தப்பு பழகப் பழக கொறஞ்சிடும். சந்தேகமா இருந்தா வீட்டு பாஷையிலயே ஒரு வார்த்தைய சொல்லி அதுல முதல் சத்தம் என்ன, கடைசி சத்தம் என்னன்னு பிரிக்க சொல்லுங்க (படுகு தெரிஞ்ச ஆயாம்மாவ கூட வச்சுக்கலாம்), அங்கயும் திணறினா பாஷை மட்டும் காரணம் இல்லன்னு புரிஞ்சுக்கலாம்.

கையெழுத்த பனிக்காலத்துல காலைல பாத்து முடிவு பண்ணாதீங்க, விரல் வெறச்சு எல்லா புள்ளைக்கும் கோணலாத்தான் வரும். மத்தியானமும் பேப்பர் கிழியுற அளவுக்கு அழுத்தி, நாலு வரில கை வலிக்குதுன்னு சொல்லி, வாயால அழகா சொல்ற பதில எழுத முடியாம நின்னா அது டிஸ்கிராஃபியாவா இருக்கலாம். கணக்குல வர்றது டிஸ்கால்குலியா, அஞ்சாவதுலயும் 8+5க்கு விரல் விடும், கடைல மீதி சில்லறை எவ்ளோன்னு தெரியாது.

முதல்ல கண்ணையும் காதையும் டெஸ்ட் பண்ணிடுங்க. உறுதியா சொல்ல பொதுவா 8 வயசாவது ஆகணும், ஆனா உதவி பண்ண அதுவரைக்கும் காத்திருக்க வேணாம். ஒரு நாளைக்கு ஒரு சத்தம், அரிசித் தட்டுல விரலால எழுதுறது, இப்படித்தான் அந்தப் பையன்கூட ஆரம்பிச்சேன். கிளாஸ் முன்னாடி நிக்க வச்சு வாசிக்க சொல்றத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க டீச்சர்ஸ், அந்த ஒண்ணுக்காகவே ஸ்கூலுக்கு வராம நின்ன புள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இந்த மாதிரி கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கு. சர்டிபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல கூடுதல் நேரமும், சொல்றத எழுத ஆளும் கேக்கலாம், ஆனா பத்தாவது வந்தப்புறம் ஓடாதீங்க, முன்னாடியே அரசு ஆஸ்பத்திரில கேளுங்க. யார்கிட்ட காட்டப் போனாலும் புள்ளையோட பழைய நோட்டு ரெண்டு மூணு எடுத்துட்டுப் போங்க, சிவப்பு மைல திருத்தினதுதான் வேணும், அதுல ஒரே தப்பு எங்கெங்க திரும்பத் திரும்ப வருதுன்னு பாத்தாலே பாதி புரிஞ்சிடும்.