அது நாவல் இல்லை, காயா

பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று வாயார அழைக்கிறோம். அந்தக் காயா எதிரே நின்றால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

புதுச்சேரிக்கு வடக்கே, புத்துப்பட்டு ஐயனார் கோயில்காட்டில் அது அடர்ந்து வளர்கிறது. மாதக்கணக்கில் மழையில்லாவிட்டாலும் பசுமை மாறாத கடலோரக் காடு அது. பூக்காத நாளில் காயாவை நாவல் கன்று என்று நினைத்துக் கடந்துவிடுவது எளிது. இரண்டுக்கும் எதிரெதிராக அமைந்த, தடித்த, பளபளக்கும் இலைகள்.

ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நாவல் இலையில் ஊசி குத்தியதுபோல் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். கசக்கினால் வாசம் வரும். காயாவில் இரண்டும் இல்லை. நடுநரம்பு மட்டும் எடுப்பாக இருக்கும். பக்க நரம்புகளைத் தேடத்தான் வேண்டும்.

பூத்துவிட்டாலோ ஐயத்துக்கே இடமில்லை. இலை உதிர்ந்த கணுக்களில் நீலக் கொத்துகள் கிளையோடு ஒட்டி நெருங்கியிருக்கும். ஒரு பூ விரல்நகத்துக்குள் அடங்கிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் நான்கு இதழ்கள், எட்டு மகரந்தத் தாள்கள். நாவல் பூவிலோ அவை எண்ணி மாளாது. காயாவில் ஒவ்வொரு மகரந்தப்பையின் முதுகிலும் ஒரு சிறு குழி இருக்கும். எண்ணெய் சுரக்கும் இடம் அது. காயாவும் அதன் நெருங்கிய உறவுச் செடிகளும் அடங்கிய மெமிசைலான் பேரினத்தின் கைரேகை என்றே அதைச் சொல்வேன்.

இந்தப் பேரினத்தை எந்தக் குடும்பத்தில் வைப்பது என்பதில் தாவரவியலாளர்களே ஒத்துப்போகவில்லை. வழக்கமாக இதைச் சேர்க்கும் மெலஸ்டோமா குடும்பத்து இலைகளில் பெரும்பாலும் அடியிலிருந்தே மூன்று, ஐந்து நரம்புகள் நீளமாக ஓடும். காயாவில் அப்படி இல்லாததால் சிலர் அதைத் தனிக் குடும்பமாகவே பிரித்தார்கள்.

காயா, காசா, பூங்காலி என ஊருக்கொரு பெயர் வழங்குவதாலும், ஒரே பெயர் நெருங்கிய உறவுச் செடிகளுக்கும் ஒட்டிக்கொள்வதாலும் அறிவியல் பெயர் தேவைப்படுகிறது. 1768-இல் டச்சுத் தாவரவியலாளர் நிக்கோலாஸ் பர்மன் இதற்கு மெமிசைலான் அம்பெல்லேட்டம் என்று பெயரிட்டார். பின்சொல் குடைபோல் விரியும் பூங்கொத்தைக் குறிக்கிறது. குறிஞ்சிப்பாட்டு இதைப் ‘பல்லிணர்க் காயா’ என்கிறது. இணர் என்றால் கொத்து. கபிலரின் கண்ணும் பர்மனின் கண்ணும் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

பூ இல்லாத நாளில் இன்னொரு வழியும் உண்டு. மண்ணிலிருந்து அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பது காயாவின் இயல்பு. சாயத்தைத் துணியில் பிடிக்கவைப்பது அலுமினியம். சாயம் தோய்ப்பவர்கள் இந்த இலையை நாடியது அதனால்தான். ஓர் இலையைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவிடுங்கள். காயாவாக இருந்தால், காய்ந்த இலையில் மஞ்சள் ஏறியிருக்கும்.