லேசான வண்டி, தெரியாத வேகம்: 390 டியூக் ஓட்டுபவர்களுக்கு ஒரு பயிற்சியாளரின் குறிப்பு

இருசக்கர வாகனப் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், கே.டி.எம். 390 டியூக் வாங்கிய இளைஞர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், அநேகமாக எல்லோரும் முதலில் சொல்வது எடையே தெரியவில்லை என்பதுதான். நூறைத் தொட்டதே தெரியவில்லை என்பது அடுத்ததாக வரும். இரண்டுமே பாராட்டாகச் சொல்லப்படுபவை, இரண்டுமே உண்மை. ஆனால் பயிற்சித் தளத்தில் நான் திருத்த வேண்டியிருக்கும் பழக்கங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு உணர்வுகளிலிருந்தே பிறக்கின்றன என்பதால், அவற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த கே.டி.எம். நிறுவனம் பஜாஜ் ஆட்டோவுடன் கைகோத்து, புனேவை அடுத்த சாக்கனில் தயாரிக்கும் இந்த வண்டி 2013ஆம் ஆண்டு நம் சாலைகளுக்கு வந்தது. 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், சுமார் 43 குதிரைத்திறன், 150 கிலோவைச் சற்றே தாண்டிய எடை என்ற அந்தக் கூட்டணி அன்றைக்கு இந்த விலையில் வேறு எங்கும் கிடைக்கவில்லை. 2017இல் 320 மில்லிமீட்டர் முன் டிஸ்க்கும் மின்னணு முறையில் இயங்கும் ஆக்சிலரேட்டரும் சேர்ந்தன. எடை 160 கிலோவைத் தாண்டியது. 2023இல் எஞ்சின் 399 சிசி ஆகி, திறன் 46 ஆக உயர்ந்தது. வளைவிலும் வேலை செய்யும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு), டயர் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஆகியவையும் வந்துவிட்டன. நம் ஊரில் பெரும்பாலானோர் வண்டி பழகும் 100 சிசி வண்டியின் எடை 110 கிலோவை ஒட்டியிருக்கும், திறன் எட்டுக் குதிரைத்திறனை ஒட்டியிருக்கும். அதிலிருந்து 390க்கு மாறுகிறவருக்கு எடை ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. திறன் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது. கை கால்கள் முதல் மடங்கைத்தான் உணர்கின்றன.

ஐரோப்பிய நாடுகள் இந்த இடைவெளிக்கு உரிம விதியிலேயே ஒரு படி வைத்திருக்கின்றன. அங்கே 18 வயதில் கிடைக்கும் ஏ2 உரிமம் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 குதிரைத்திறன் வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே செல்லும். அதில் இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பிறகுதான், மேலும் ஒரு தேர்வோ பயிற்சியோ முடித்து, பெரிய வண்டிக்குப் போகலாம். 390 டியூக் அந்த வரம்புக்குள் அடங்கும் வண்டி. ஆகவே அங்கே அது ஒரு நடுப்படி. சிங்கப்பூரிலும் 200 சிசி வரை, 400 சிசி வரை, அதற்கு மேல் என்று மூன்று படிகள் உண்டு. நம் நாட்டில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 100 சிசி வண்டியில் எட்டு போட்டுக் காட்டியவர், கியர் உள்ள இருசக்கர வாகன உரிமத்தைப் பெற்ற மறுநாளே 390இல் ஏறி நெடுஞ்சாலைக்குப் போகலாம், சட்டம் தடுப்பதில்லை. அந்த நடுப்படியை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வேகம் ஏன் தெரிவதில்லை? 100 சிசி வண்டியில் 80ஐத் தொடும்போது எஞ்சின் கதறும், கைப்பிடி அதிரும், கால் வைக்கும் இடம் கூசும். அந்தக் கதறலையும் அதிர்வையும் வைத்தே வேகத்தை அளக்க நம் உடல் பழகியிருக்கிறது; ஸ்பீடோமீட்டரை யார் பார்க்கிறார்கள்? 390 இரண்டாம் கியரிலேயே 80ஐ எட்டிவிடும். நின்ற நிலையிலிருந்து 100ஐத் தொட ஏறக்குறைய ஆறு நொடிதான் எடுக்கும். ஆறாம் கியரில் அதே 80இல் எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும். பழகிய எச்சரிக்கை வராததால், ஓட்டுபவர் தான் 60இல் போவதாக எண்ணிக்கொண்டு 90இல் போகிறார். பயிற்சியின்போது ஸ்பீடோமீட்டரை மறைத்துவிட்டு வேகத்தைச் சொல்லச் சொன்னால், புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. வண்டி லேசாக இருப்பதால் சீக்கிரம் நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம் எடைக்கு ஏற்பவே கூடிக் குறைகிறது. நிறுத்தவேண்டிய பாரமும் அதே எடைதான். ஒன்றை ஒன்று ஈடுசெய்துகொள்வதால், ஒரே மாதிரி டயரும் ஒரே மாதிரி சாலையும் இருந்தால் 160 கிலோ வண்டிக்கும் 200 கிலோ வண்டிக்கும் நிற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. தூரத்தைத் தீர்மானிப்பது வேகம், அதுவும் வேகத்தின் வர்க்கம். நன்றாகப் பழகிய ஒருவர், காய்ந்த தார்ச் சாலையில் நல்ல டயரோடு 60இல் வரும்போது ஒரு தடையைக் கண்டால், கண் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஆகும் ஒரு நொடிக்குள் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். ஆக 37 மீட்டர். அதே ஆள் 100இல் வந்தால், அந்த ஒரு நொடிக்கே 28 மீட்டர் போய்விடும்; அதன் பிறகு 55 மீட்டர் தேவைப்படும்; ஆக 83 மீட்டர். கூடுதலாகத் தேவைப்படும் 46 மீட்டரில் நான்கு அரசுப் பேருந்துகளை வரிசையாக நிறுத்திவிடலாம். இந்தக் கணக்கைத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து காட்டினால்தான் பலருக்கும் நம்பிக்கை வருகிறது.

மேலே சொன்னது நன்றாகப் பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கான கணக்கு. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள சிறிய வண்டியில் பழகியவர்கள் ஆபத்தில் முதலில் வலது காலைத்தான் அழுத்துகிறார்கள், முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறிந்துவிடும் என்ற பயம் சிறுவயதிலிருந்தே ஊட்டப்பட்டிருக்கிறது. 390 போன்ற குட்டையான, லேசான வண்டியில் பிரேக் பிடித்ததும் பாரம் முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். பின் டயர் சாலையை ஏறக்குறைய வருடிக்கொண்டுதான் வரும். அந்த நேரத்தில் பின் பிரேக்கால் செய்யக்கூடியது மிகக் குறைவு. நிறுத்துவது முன் பிரேக்தான், அதையும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. முதலில் லேசாகப் பிடித்து, முன் ஃபோர்க் அமுங்கி டயர் சாலையில் பதிந்த பிறகு அழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது, நல்ல விதிதான். ஆனால் ஏ.பி.எஸ். செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே. பிடிக்காத பிரேக்கை அது பிடித்துத் தராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று கொண்டுவந்து கொட்டியிருக்கும் மணலில் அது நிற்கும் தூரத்தைக் குறைக்கவும் செய்யாது. டியூக்கில் சூப்பர்மோட்டோ என்றொரு ஏற்பாடு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பின்சக்கரத்து ஏ.பி.எஸ். அணைந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளங்களில் அதற்கு வேலை உண்டு. ஒக்கியம் துரைப்பாக்கம் சிக்னலில் இல்லை.

நகரப் போக்குவரத்தில் ஓட்டுபவர்கள் சொல்லும் குறை, வண்டி மெதுவாகப் போகும்போது குதிக்கிறது என்பது. இது எரிபொருள் கலவையை அதிகமாக அழுத்தி எரிக்கும் பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களின் பொதுக் குணம். குறைந்த சுழற்சியில் உயர்ந்த கியரில் விட்டால் எஞ்சின் தட்டும், திணறும், பிறகு திடீரென்று இழுக்கும். ஒரு கியர் இறக்கி, எஞ்சினைக் கொஞ்சம் சுழலவிட்டு, கிளட்ச்சைப் பாதியில் வைத்துப் பழகினால் இந்தக் குதிப்பு பெருமளவு அடங்கிவிடும். அதைவிட ஆபத்தானது பள்ளத்தில் நிகழ்வது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உடல் பாரத்தை மணிக்கட்டில் போட்டு ஓட்டுபவர், பெயின்ட் அடிக்காத வேகத்தடையிலோ குழியிலோ ஏறி இறங்கும்போது மணிக்கட்டு தானாகக் கீழே முறுக்கிக்கொள்ளும். 100 சிசி வண்டியில் அதனால் எஞ்சின் சற்று உறுமும், அவ்வளவே. இங்கே வண்டி முன்னால் பாய்ந்துவிடும். பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பிடித்தால் இன்னும் பாயும். முழங்கால்களால் டேங்க்கை அணைத்து, பாரத்தைத் தொடையிலும் பாதத்திலும் தாங்கி, கைகளை வெறுமனே கைப்பிடிமேல் வைத்திருப்பதே இதற்கு மருந்து. கேட்க எளிது, பழக நாளாகும்.

பின்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் இது வேறு வண்டி. 75 கிலோ ஓட்டுநரும் 65 கிலோ நண்பரும் சேர்ந்தால் 140 கிலோ, வண்டியின் எடைக்குச் சற்றே குறைவு. கனமான வண்டியில் அவ்வளவாகத் தெரியாத இந்தச் சுமை இங்கே பின்பக்கத்தை அமுக்கி முன்சக்கரத்தை லேசாக்கிவிடும். ஆக்சிலரேட்டரைத் தாராளமாக முறுக்கினால் முன்சக்கரம் தரையை விட்டு எழக்கூடும். பிரேக் பிடிக்கும்போது, உயரமான சின்னப் பின்சீட்டில் இருப்பவர் வழுக்கி வந்து ஓட்டுபவரின் முதுகில் மோத, அவருடைய கை மடங்கிவிடும். பின் ஷாக்கின் ஸ்பிரிங் இறுக்கத்தைச் சுமைக்கேற்பப் படிப்படியாக மாற்றும் வசதி இந்த வண்டியில் உண்டு. அதற்கான ஸ்பேனர் வண்டியோடே வருகிறது. பின்பக்கம் கடினமாக இருக்கிறது என்று சொல்பவர்களிலும் தொளதொளவென்று இருக்கிறது என்று சொல்பவர்களிலும், அந்த ஸ்பேனரை ஒருமுறையாவது கையில் எடுத்தவர்கள் வெகு சிலரே.

கன்னியாகுமரி நோக்கிச் சுற்றுலா போகிறவர்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியைப் பற்றிக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காற்றாலைகள் அங்கே காரணமில்லாமல் நிற்கவில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 160 கிலோ வண்டி பறக்காவிட்டாலும் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குத் தள்ளப்படும். ஆம்னி பேருந்தை முந்தும்போது பேருந்தின் மறைவில் காற்று நின்றுபோய், அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் மறுபடி அறையும். முழங்கையைத் தளர்த்தி, உடலைச் சற்றுத் தாழ்த்தி, காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை மெதுவாக முன்னே தள்ளினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நேராகப் போகும். எல்லாவற்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டி அற்புதமாகத் திரும்பும் என்று சொல்பவர்களோடு எனக்கு மறுப்பில்லை. ஏறும்போது யாரும் விழுவதில்லை. இறங்கும்போது கியரை இறக்கி எஞ்சினால் வேகத்தைக் கட்டாமல், பிரேக்கையே நம்பி வருபவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், பையன் இந்த வண்டிதான் வேணும்னு பிடிவாதமா இருக்கான், வாங்கிக் குடுக்கலாமா?" வயதைக் கேட்டோ மதிப்பெண்ணைக் கேட்டோ நான் பதில் சொல்வதில்லை. பையன் இப்போது ஓட்டும் வண்டியோடு வெற்று மைதானத்துக்கு வரட்டும். ஐம்பதில் வந்து, நான் கையைத் தூக்கியதும், பின்சக்கரம் வழுக்காமல், முன் பிரேக்கை முழுதாகப் பயன்படுத்தி, சொன்ன கோட்டுக்குள் பலமுறை நிறுத்திக் காட்டட்டும். நிறுத்த முடிந்தவருக்கு வாங்கிக் கொடுக்கலாம். ஹெல்மெட், கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியவற்றுக்கான பணத்தை வண்டி விலையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். முடியாதவர் அதே சின்ன வண்டியில் இன்னும் சில மாதம் பழகிவிட்டு மறுபடி மைதானத்துக்கு வரலாம்.