சேலத்தில் இலவச சட்ட உதவி: ஜீவனாம்சம், கைது, விபத்து இழப்பீடு

சேலம் அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத ஏழைகளுக்கான இடம் என்று மட்டுமே பலர் எண்ணுகின்றனர். 1987ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் உள்ளவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். வருமான வரம்பு பார்க்கப்படுவது இந்தப் பிரிவுகளில் அடங்காதவர்களுக்கு மட்டுமே. கணவர் பெயரில் ஏற்காட்டில் காபித் தோட்டமே இருந்தாலும், அவர்மீது வழக்குத் தொடுக்கும் மனைவியை 'நீங்கள் வசதியானவர்' என்று திருப்பி அனுப்ப இயலாது. வழக்குக்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு ஆகியவற்றை ஆணைக்குழுவே ஏற்கும். ஆகவே நியமிக்கப்பட்ட வக்கீல் தனியாகப் பணம் கேட்டால், அது பற்றி ஆணைக்குழுவிடமே முறையிடலாம்.

குடும்ப வழக்குகளில் மிகுதியாக இழக்கப்படுவது காலம். கணவர் பராமரிக்க மறுத்தால், மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவே இன்று இந்த எண்ணில் உள்ளது. விவாகரத்தான மனைவியும், மறுமணம் செய்யாதவரை, இதைக் கோரலாம். 2020ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைப்படி, மனு தாக்கல் செய்த நாளிலிருந்து ஜீவனாம்சம் கணக்கிடப்படுகிறது. 'பெரியவர்கள் பேசிப் பார்க்கட்டும்' என்று தள்ளிப்போடும் மாதங்களுக்கு உரிய தொகையை இதன் கீழ் பின்னர் கேட்டுப் பெற முடியாது. பேச்சுவார்த்தை வேண்டாம் என்பதல்ல; மனுவைத் தாக்கல் செய்துவிட்டும் பேசலாம்.

இரு வீட்டாரும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் 'விடுதலைப் பத்திரம்' விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தால் மட்டுமே அதற்குச் சட்ட மதிப்பு உண்டு. சேர்வராயன் மலைக் கிராமங்களில் இது வேறு வடிவம் எடுக்கிறது. சேலம் மாவட்டத்து 'மலையாளி' எனப்படும் மலைவாழ் மக்கள் (கேரள மலையாளிகள் அல்லர்) பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால், இந்து திருமணச் சட்டத்தின் 2(2)ஆம் பிரிவின்படி, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, அச்சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் இதே விலக்கு இருப்பதால் மகளின் சொத்துப் பங்கும் சிக்கலாகிறது. என் பார்வையில், சமவெளி வழக்குகளின் மாதிரியை அப்படியே நகலெடுத்து மலைக் குடும்பங்களுக்கு மனு எழுதித் தருவது அவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. அவர்கள் விஷயத்தில் ஊர் வழக்கத்தைச் சாட்சிகளுடன் நிறுவ வேண்டியிருக்கும். எனினும் மேற்சொன்ன 144ஆம் பிரிவும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டமும் சாதி, மதம், பழங்குடி என்ற வேறுபாடின்றி எல்லாப் பெண்களுக்கும் பொருந்துவதால், அடி உதைக்கும் சாப்பாட்டுக்கும் தீர்வு தேடுபவர் திருமணச் சட்டம் பற்றிய விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

குற்ற வழக்குகளில் முதலில் கவனிக்க வேண்டியது கையில் தரப்படும் காகிதம். புகார் கொடுத்ததும் காவல் நிலையத்தில் தரப்படும் சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை அல்ல. புகார் பெறப்பட்டதற்கான ஒப்புகை மட்டுமே. புகார்தாரருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்ய மறுத்தால், ஏற்காடு உள்ளிட்ட ஊரகப் பகுதியினர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், மாநகரத்தினர் காவல் ஆணையர் அலுவலகத்துக்கும் தபாலில் அனுப்பலாம். அங்கும் பலனில்லையெனில் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். அந்தத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம்.

கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். அவர் காவலில் இருப்பவர் என்பதனாலேயே இலவச வக்கீலுக்கு உரியவராகிறார் என்பதால், முதல் முறை நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போதே வக்கீல் வேண்டும் என்று கேட்கலாம். வீட்டார் நகையை அடகு வைத்துவிட்டு வக்கீலைத் தேடி அலைவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த மாவட்டத்தில் சட்டம் பெரும்பாலானோரின் வீட்டுக்குள் நுழைவது சாலை விபத்தின் வழியாகத்தான். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதையில் விபத்தில் சிக்கியவர் வெளியூர்க்காரராக இருந்தால், தாம் வசிக்கும் ஊரின் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம்; ஒவ்வொரு வாய்தாவுக்கும் சேலத்துக்கு வரத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த 6 மாதங்களுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. அது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருந்தாலும், அதை நம்பித் தாமதிப்பது விவேகமல்ல. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., மருந்துச் சீட்டுகள், சம்பளத்துக்கான ஏதேனும் எழுத்துச் சான்று ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே ஒரே பையில் சேர்த்து வைக்க வேண்டும்.

தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. மாதம் 15,000 ரூபாய் ஈட்டிய, 32 வயதான ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி உயிரிழந்தார் எனவும், மனைவி, இரு பிள்ளைகள், தாய் ஆகிய நால்வர் அவரைச் சார்ந்திருந்தனர் எனவும் வைத்துக்கொள்வோம். நிரந்தர வேலை இல்லாதவர், 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க, 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்காக நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் 15,750, ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 30,24,000 ரூபாய் வருகிறது. ஈமச்சடங்கு, உறவிழப்பு போன்றவற்றுக்கான தொகைகள் இதற்கு மேல் சேரும். 2009, 2017ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே இந்தக் கணக்குக்கு அடிப்படை.

இறந்தவர் மீதும் தவறு இருந்தால் அந்த அளவுக்குத் தொகை குறையும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள தனியார் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்ந்து சென்றவருக்கு, அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்பது பலருக்கும் தெரியாத கண்ணி. மோதிய வண்டி அடையாளம் தெரியாமல் போய்விட்டால் தீர்ப்பாயத்துக்குச் செல்ல வேண்டாம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டத்தின் கீழ் வருவாய்த் துறை அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம்.

மருத்துவமனைக் கட்டில் ஓரத்துக்கே வந்து, 'கிடைப்பதில் இவ்வளவு சதவீதம் கொடுத்தால் போதும்' என்று வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்கள் உண்டு. வெற்றியைப் பொறுத்துக் கட்டணம் பேசக்கூடாது என்பது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதி. இடைத்தரகருக்கோ இங்கு இடமே இல்லை.

இத்தகைய வழக்குகள் லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்கும் வருவதுண்டு. அங்கு முடிந்தால், ஏற்கெனவே கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பணமும் விரைவில் வரும். ஆனால் அங்கு வழங்கப்படும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. எனவே காப்பீட்டு நிறுவனம் சொல்லும் தொகைக்குக் கையெழுத்திடும் முன், மேலே காட்டிய கணக்கைத் தம் வழக்கின் எண்களோடு தாளில் போட்டுத் தருமாறு ஆணைக்குழு வக்கீலிடம் கேட்க வேண்டும். அதைக் கேட்க அஸ்தம்பட்டிக்கு வர இயலாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் பேசலாம். ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி போன்ற வட்டங்களில் இருப்பவர்கள் அங்குள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவையே அணுகலாம்.